தூக்கிக் கட்டிய புல்

குதிரையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றால் உங்களில் பாதிப்பேர் சிரிப்பீர்கள். கால்நடை வைத்தியர்களாக நியமனம் பெற்று யாழ்ப்பாணத்துக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு மாடு, ஆடு, கோழி, இப்போது நாய், பூனை. இதற்குள் குதிரை எங்கிருந்து வந்தது? நெடுந்தீவில் தன்பாட்டில் திரிகிற குதிரைகளை விட்டுவிட்டால், என் சேவைக்காலம் முழுவதிலும் நான் கைவைத்த குதிரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியிருந்தும், ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிற என்னிடம் யாராவது பழைய வேலையைப் பற்றிக் கேட்டால், ஒரு கிழட்டுக் குதிரைதான் முதலில் வந்து முன்னால் நிற்கிறது.

மாட்டு விஷயத்தில் எங்களுக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் சீக்கிரம் வந்துவிடும். அது வந்த நாளோடு கண் பார்ப்பதை நிறுத்திவிடும். குதிரைக்கு முன்னால் எனக்கு அந்தத் துணிச்சல் இருக்கவில்லை. அதனால் நன்றாகப் பார்த்தேன்.

பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டு வளவுக்குள் போனால் நான் பையைத் திறக்கமாட்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா நிற்பேன். விலங்கு எப்படி நிற்கிறது, எந்தக் காலுக்கு ஓய்வு கொடுக்கிறது, எங்கே தின்கிறது, எங்கே படுக்கிறது. வீட்டுக்காரருக்கு இது துளியும் பிடிக்காது. வட்டுக்கோட்டையில் ஒரு மனிதர் என் காதுபடவே, "உவ டொக்டரோ, காணி பாக்க வந்தவவோ?" என்று கேட்டார். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். புத்தூரில் நான் பார்த்த ஓர் எருதுக்குத் தோளெல்லாம் சூட்டுத் தழும்பு. நொண்டினால் தோளில் சூடு போடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். முள் இருந்ததோ குளம்பு இடுக்கில். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பதுபோல அந்தத் தோள் சும்மா இருந்து சூடு வாங்கியது.

இனிக் குதிரைக்கு வருகிறேன்.

குருநகரில் மரியதாஸ் என்றொருவர். கடலில் தொழில் செய்தவர். முழங்கால் ஏலாமல் போனபிறகு கடலை விட்டுவிட்டு, கலியாண வீடுகளுக்குக் குதிரை வண்டி விடுகிற ஒருவரிடம் குதிரை பிடிக்கிற வேலைக்குப் போனார். மாப்பிள்ளையும் பொம்பிளையும் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு வண்டியில் வருவார்கள். இவர் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார். குதிரை நுவரெலியாப் பக்கத்தில் பந்தயம் ஓடிக் களைத்து வந்தது. தேயிலைத் தோட்டத் துரைமார் இருந்த மலைநாட்டிலிருந்து வந்ததால் அதற்குப் பெயரும் துரை. வயது இருபதைத் தாண்டி, முன்வலது கால் நொண்டத் தொடங்கியதும், வண்டிக்காரர் தொழிலை மாற்றிக்கொண்டார். மரியதாஸ் துரையைத் தன் வளவுக்கே கொண்டுவந்துவிட்டார். பிள்ளைகள் எல்லாரும் கலியாணம் முடித்துப் போய்விட, அவரும் மனைவி பிலோமினாவும் துரையும் நாலைந்து ஆடுகளும்தான் அந்த வளவில்.

ஒரு நாள் காலை மரியதாஸ் போன் எடுத்தார்.

"டொக்டர், துரைக்கு ஊசி போடோணும்."

"என்ன ஊசி அண்ணை?"

"கடைசி ஊசி."

நான் போனபோது வேலிக்கு வெளியே ஒழுங்கையில் சனம் நின்றது. சாவீட்டுக்கு வந்தவர்களைப் போலக் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். பிலோமினா அக்கா கொட்டில் வாசலில் குறுக்கே நின்றார், கையில் செபமாலை. மரியதாஸ் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, அதில் இருக்காமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடக்கும்போது துரை விழுகிறான், முழங்காலில் விழுகிறான், விழுந்தால் எழும்பப் படுகிற பாட்டைப் பார்க்கமுடியவில்லை என்றார்.

"உவன் என்ரை கையைப் பாக்கிறான் டொக்டர். 'ஏதாவது செய்யன்' எண்டு கேக்கிற மாதிரிக் கிடக்கு. என்னாலை இனி ஏலாது. போட்டு விடுங்கோ."

"போடக்கூடாது," என்றார் பிலோமினா அக்கா. "நான் அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன்."

"நேர்த்தி வைச்சால் அவனுக்கு நோகாதே? பேய்க்கதை கதையாதை."

ஊசி போடுவதற்கான மருந்து என் பையில் இருந்தது. வாசலில் ஒருவர் மறிக்க, ஒருவர் அவசரப்படுத்த, வேலிக்கு வெளியே ஊரே பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் வேலையில் மிகக் கஷ்டமான காரியம் ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான். நான் கைகளைப் பின்னால் கட்டினேன்.

துரையின் நிலை பார்க்கச் சகிக்கவில்லை. முதுகு தொட்டில்போல் குழிந்திருந்தது. நாலு கால்களையும் வயிற்றுக்கடியில் கூட்டி, ஒரு சின்ன வாங்குப் பலகையில் ஏறி நிற்கிறவனைப்போல நின்றான். கழுத்தின் மேற்பக்கம் வற்றி, கீழ்ப்பக்கம் தடித்திருந்தது. ஆனால் தலை மட்டும் உயர்ந்திருந்தது, இப்போதும் பின்னால் மாப்பிள்ளை இருப்பதுபோல. எல்லாரும் முன்வலது காலைத்தான் பார்த்திருக்கிறார்கள். லாடம் மாற்றி, எண்ணெய் பூசி, யாரோ ஒருவர் தோளில் சூடும் போட்டிருந்தார். புத்தூர் எருது ஞாபகத்துக்கு வந்தது.

"அண்ணை, விழுந்ததைக் கண்டனீங்களோ, விழுந்து கிடந்ததைக் கண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

மரியதாஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "இரண்டும் ஒண்டுதானே டொக்டர்?"

"இல்லை. நடக்கேக்கை விழுந்ததைக் கண்ணாலை கண்டனீங்களோ?"

அவர் யோசித்தார். காணவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தால் முழங்காலில் நிற்பானாம்.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. சனமும் அலுத்துப்போய்ப் பாதி கலைந்தது. துரை கொட்டிலுக்குள் சுவரோரம் நிழலில் அசையாமல் நின்றான். நான் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமை மெல்ல மெல்ல இறங்கியது. கீழுதடு தொங்கியது. உயர்ந்திருந்த தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. சட்டென்று முன்கால் இரண்டும் மடங்க, முழங்கால் சீமெந்தில் அடிபட, திடுக்கிட்டுத் தடுமாறி எழும்பிக் கண்ணை அகல விழித்தான்.

"பாத்தீங்களோ! பாத்தீங்களோ!" என்று மரியதாஸ் கத்தினார்.

பார்த்தேன். அவர் விழுந்ததைப் பார்த்தார், நான் அதற்கு முந்திய நிமிடத்தையும் பார்த்தேன். நித்திரை தூங்கி விழுந்தது குதிரை. நின்றபடியே குதிரை நித்திரை கொள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அது அரை நித்திரை. ஆழ்ந்த நித்திரைக்கு அதுவும் எங்களைப்போலப் படுக்கத்தான் வேண்டும். துரையின் முழங்கால்களிலும் முன்கணுக்களிலும் பழைய காயத்துக்கு மேல் புதுக் காயம். விலாவிலும் இடுப்பிலும் படுத்த அடையாளமாக ஒரு தூசி இல்லை. எவ்வளவு காலமாகப் படுக்கவில்லையோ, யாருக்குத் தெரியும்?

ஏன் படுக்கவில்லை? கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தேன். நிலம் சீமெந்து. சும்மா சீமெந்து இல்லை. இழைத்துச் சிவப்புச் சாயம் போட்டு மினுக்கிய சீமெந்து. "எங்கடை குசினிக்கும் உப்பிடிப் போடேல்லை," என்றார் பிலோமினா அக்கா, வீட்டு அடுக்களைப் பக்கம் பார்த்து, கொஞ்சம் பெருமையோடும் கொஞ்சம் குறையோடும். நொந்த உடம்போடு அந்த வழுக்கலில் படுத்தால் எழும்ப முடியாது என்று துரைக்குத் தெரிந்திருக்கிறது. அவன் எங்களைவிடக் கெட்டிக்காரன்.

பிறகு தலையை நிமிர்த்தினேன். கொட்டில் கூரை வளையிலிருந்து, என் கைக்கு எட்டாத உயரத்தில், புல்லுக்கட்டு ஒன்று கயிற்றில் தொங்கியது.

எங்கள் வீடுகளில் ஆடு வளர்க்கிற எவருக்கும் அது ஏன் என்று சொல்லத் தேவையில்லை. ஆட்டுக்குக் குழையை நிலத்தில் போட்டால் மிதிக்கும், மிதித்ததைப் பிறகு தின்னாது. அதனால் பூவரசங்குழையைக் கட்டாகக் கட்டித் தூக்கிவிடுவோம். ஆடும் எட்டி எட்டித் தின்னும். பிலோமினா அக்கா ஆடு வளர்த்தே பிள்ளைகளைப் படிப்பித்தவர். குதிரை வீட்டுக்கு வந்ததும், ஆட்டைவிட உயரமானவன், மதிப்பானவன் என்று இன்னும் உயரத்தில் கட்டிவிட்டார். துரையும் வருடக்கணக்காகத் தலையை நிமிர்த்தி, முதுகைக் குழித்து, வானத்தைப் பார்த்துத் தின்றிருக்கிறான்.

குதிரை நிலத்தில் மேய்வதற்கென்றே படைக்கப்பட்ட விலங்கு. தலை குனிந்தால்தான் கீழ்த்தாடை முன்னால் வழுகிப் பற்கள் சரியாக அரைபடும், முதுகும் மேலே வளைந்து விரியும். வாயைத் திறந்து பார்த்தேன். கடைவாயில் பற்கள் கொக்கிபோல வளர்ந்திருந்தன. கன்னத்தின் உள்பக்கம் புண். வாய் நோகக் கழுத்து இறுகி, கழுத்து இறுக முதுகு இறங்கி, முதுகு இறங்கப் பாரமெல்லாம் முன்கால்களுக்கு வந்து, கடைசியில் முன்வலது கால் நொண்டியது. வண்டியில் பூட்டிய காலத்தில் கம்பீரத்துக்காகத் தலையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அங்கே தொடங்கியதை இங்கே புல்லுக்கட்டு தொடர்ந்தது. எல்லாரும் அந்தச் சங்கிலியின் கடைசி வளையத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குள் சந்தோசம் பொங்கியது. நோயைப் பிடித்துவிட்டால் எங்களுக்கு ஒரு கிறுக்கு வரும், உங்களுக்கும் வரும். அப்போதுதான் வாயைக் காக்க வேண்டும். பிலோமினா அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் புல்லுக்கட்டைப் பார்த்ததையும் பார்த்துவிட்டார்.

"உது பிழையோ டொக்டர்?"

"ஆட்டுக்குச் சரி அக்கா. இவன் ஆடில்லை."

அவருடைய கையில் செபமாலை நின்றுவிட்டது. "அப்ப, என்ரை கையாலைதான் இவனுக்கு இந்தக் கேடு வந்ததோ?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள்? பொய் சொன்னால் நாளைக்கும் கட்டித் தூக்குவார். உண்மையை முகத்தில் எறிந்தால் அன்றிரவு சாப்பிடமாட்டார். நான் சொன்னேன்: "அக்கா, வண்டிக்காரரும் தூக்கிக் கட்டினவர், தன்ரை வடிவுக்கு. நீங்கள் கட்டினது அவன் நல்லதைத் தின்னோணும் எண்டு. இனி அதே கையாலை கீழை போடுங்கோ." அவர் கத்தியை எடுத்துவந்து கயிற்றை அறுத்தார். கட்டு தொப்பென்று விழுந்தது. துரை அதைப் பார்த்தான், குனியவில்லை. குனிய மறந்துபோயிருந்தான்.

மரியதாஸுக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. கொட்டில் சுவரில் சந்தியோகுமையோரின் படம் ஒட்டியிருந்தது. வெள்ளைக் குதிரையில் வாளோடு வருகிற புனிதர். அதைக் காட்டினார்.

"உந்தப் படத்திலை குதிரை தலை குனிஞ்சே நிக்குது?"

"அது சண்டைக்குப் போற குதிரை அண்ணை. சாப்பிடேக்கை அதுவும் குனிஞ்சுதான் சாப்பிட்டிருக்கும். படம் கீறினவருக்கு அந்த நேரம் பாக்கக் கிடைக்கேல்லை."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடக்கிக்கொண்டு, "எனக்கொரு வாக்குத் தாங்கோ," என்றார். "இன்னொருக்கா விழுந்து எழும்பேலாமல் கிடந்தால், நீங்கள் ஒரு கதையும் சொல்லப்படாது. வந்து போட்டுவிடோணும்."

"ஓம்," என்றேன். மனமொத்துத்தான் சொன்னேன். எங்கள் கெட்டித்தனத்தை நிரூபிக்க ஒரு கிழட்டுக் குதிரையை வதைக்க எங்களுக்கு உரிமையில்லை.

செய்தவற்றை விரிக்கத் தேவையில்லை, உங்களுக்குத் தெரிந்தவைதான். குதிரைகளோடு பழகிய ஒரு தோழியிடம் போனில் கேட்டுக் கேட்டுப் பல்லை அராவினேன். நீண்டுபோயிருந்த குளம்பின் முனையைச் சிறிது சிறிதாக, ஒரேயடியாக இல்லாமல், வெட்டிக் குறைத்தோம். நோவுக்கு மருந்து கொடுத்தேன். சிவப்புச் சீமெந்துக்கு மேல் மரியதாஸ் கடற்கரை மணலைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து முழங்காலளவுக்குக் கொட்டினார். புல்லை ஒரு படங்குத் துணி விரித்து அதில் போடச் சொன்னேன். மணல் வயிற்றுக்குள் போனால் அது வேறு துன்பம்.

மிச்சத்தைக் கடல் செய்தது. குருநகர்க் கரையில் ஆழமில்லாத தண்ணீர் எவ்வளவு தூரம் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். காலையில் மரியதாஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துரையைத் தண்ணீருக்குள் நடத்துவார். கயிறு தளர்வாக இருக்க வேண்டும், தலையை இழுக்கக்கூடாது என்பது ஒன்றே என் கட்டளை. தண்ணீருக்குள் போனதும் துரை தன் கால் எங்கே போகிறது என்று பார்க்கக் குனிந்தான். குனிந்தபடி ஒவ்வொரு காலாகத் தூக்கிவைத்தான். தூக்கத் தூக்க முதுகும் வேலை செய்தது. படகில் போகிறவர்கள் சும்மா விடுவார்களா? "மரியதாஸ் அண்ணை இப்ப குதிரையிலையோ தொழிலுக்குப் போறார்? பாடு எப்பிடி, இறால் பட்டதோ?" என்று கூப்பிடுவார்கள். அவரும், "உன்னைவிட இவன் கூடப் பிடிப்பான், போடா!" என்று திருப்பிச் சொல்வார். தண்ணீருக்குள் அவருடைய முழங்காலும் நோகவில்லையாம். அதை என்னிடம் ஒரு இரகசியம்போலச் சொன்னார்.

முதுகு மெல்ல மெல்ல நிரம்பியது. நொண்டல் குறைந்தது. ஒரு நாள் படங்கில் கிடந்த புல்லைத் துரை தானாகக் குனிந்து தின்றான் என்று பிலோமினா அக்கா போனில் சொன்னார். ஆனால் படுக்கவில்லை. உடம்பில் நோவு குறைந்தது உடம்புக்குத் தெரிந்தாலும், பயத்துக்குத் தெரிவதற்குக் கொஞ்சக்காலம் எடுக்கும். மனிதருக்கும் அப்படித்தானே. அவன் தூங்கி விழுந்துவிடுவான் என்ற கவலையில் மரியதாஸ் கதிரையைக் கொட்டில் வாசலில் போட்டு இரவிரவாகக் காவலிருந்தார். கண் குழிவிழுந்து, அவரும் துரையைப்போலவே ஆகிவிட்டார். "அண்ணை, போய்ப் படுங்கோ," என்றால், "விழுந்தால் ஆர் தூக்கிறது?" என்பார். அந்த முழங்காலோடு அவர் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூடத் தூக்கமாட்டார். அதை நான் சொல்லவில்லை.

பிறகு அந்த விடியற்காலை போன் வந்தது. மரியதாஸின் குரலில் ஈரமே இல்லை.

"விழுந்திட்டான் டொக்டர். நான் ஒருக்காக் கண் அயந்திட்டன், முழிச்சுப் பாத்தால் முழு உடம்பும் நிலத்திலை. தலையும் நிலத்திலை. வாங்கோ. வாக்குத் தந்தனீங்கள்."

வழி முழுவதும் எனக்கு ஒரே எண்ணம்தான். பிலோமினா அக்காவை முதலில் ஆடுகளோடு வெளியே அனுப்ப வேண்டும். மருந்துப் பெட்டி மடியில் இருந்தது. போய் இறங்கினால், அக்கா வளவுக் கதவிலேயே நின்றார். கண்ணை மூடியபடி செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். மரியதாஸ் கொட்டிலுக்குள் போகத் துணியாமல் வாசலில் நின்று, "கெதியாய்ப் போடுங்கோ டொக்டர், அவன் கஷ்டப்படக் கூடாது," என்றார்.

வாக்குக் கொடுத்தவள் நான். கைகள் பெட்டியைத் திறக்கத் துடித்தன. இருந்தும் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டினேன்.

துரை பக்கவாட்டில் நீட்டி நிமிர்ந்து கிடந்தான். நான் முதலில் அவனைப் பார்க்கவில்லை, மணலைப் பார்த்தேன். தடுமாறி விழுந்தவனாக இருந்தால் மணல் உழுதுபோட்டதுபோலக் குழம்பியிருக்கும். இங்கே ஒரு இடத்தில் முன்காலால் கிண்டிக் குழியாக்கியிருந்தது. அதைச் சுற்றி வட்டமாகக் குளம்படி. இடம் பார்த்து, பதம் பார்த்து, சுற்றி வந்து, பிறகுதான் இறங்கியிருக்கிறான். விழுகிறவன் பாய் விரித்துவிட்டு விழமாட்டான்.

அப்போது துரையின் மேலுதடு துடித்தது. முன்கால்கள் மெல்ல அசைந்தன, பிறகு பின்கால்களும், ஓடுவதுபோல. மலைநாட்டில் ஓடிய ஓட்டமோ, குருநகர்த் தண்ணீரோ, எதைக் கனவு கண்டானோ. ஒரு பெரிய குறட்டை வந்தது.

மரியதாஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டார், "என்ன டொக்டர் உது?"

"நித்திரை அண்ணை."

"நித்திரையோ?"

"ஓம். சத்தம் போடாதையுங்கோ."

அவர் அந்தக் கதிரையில் இருந்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார், சத்தம் வராமல், அவன் எழும்பிவிடுவானே என்று. நானும் அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிலோமினா அக்கா வந்து எட்டிப் பார்த்தார். அவர் அழவில்லை. புருசனின் தோளில் தட்டி, "இஞ்சாருங்கோ, இனி நீங்களும் போய்ப் படுங்கோ," என்றார். மரியதாஸ் வீட்டுக்குள் போகவில்லை. கொட்டில் வாசலில் கொட்டியிருந்த மணலிலேயே, கையைத் தலைக்கு வைத்துச் சரிந்தார்.

அக்கா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நான் குடித்து முடிக்கிறபோது துரை கண்ணைத் திறந்தான். கொஞ்சநேரம் கிடந்து யோசித்தான். பிறகு முன்கால்களை நீட்டி ஊன்றி, ஒரே மூச்சில் எழும்பி, மணலை உதறி எங்கள் மேலெல்லாம் தெளித்துவிட்டு, படங்கடிக்குப் போய்த் தலையைக் குனிந்தான்.

அவன் எழும்பியதை மரியதாஸ் பார்க்கவில்லை. நல்ல நித்திரை. நாங்கள் எழுப்பவுமில்லை.